தீர்க்கதரிசன உரையும் வாதநெறியும்

நூற்பொருள் காண்பார்க்கு முதற்கண் வேண்டப்படுவது நடுவுநிலைமை. பகைவனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு நூலைத் திறப்பார்க்கு நூல் தன் பொருளைத் தாராது. அவர் கொண்டுசென்ற பகைமையையே திருப்பித் தரும். விவிலியத் தீர்க்கதரிசனங்களுக்குப் புரொட்டஸ்டாண்டுக் கிறித்தவர் நெடுங்காலம் கூறிவந்த உரை இதற்குத் தக்க சான்றாம்.

அவ்வுரை யாதெனின், தானியேல் ஆகமத்து நான்காம் மிருகத்தின் சிறுகொம்பும், பவுல் நிருபத்திற் கூறப்பட்ட பாவமனிதனும், வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு மலைமேல் வீற்றிருக்கும் பெண்ணும், 666 என்னும் எண்ணுடைய மிருகமும் உரோமாபுரிப் பாப்பரசரின் ஆட்சியையே குறிக்கும் என்பதாம். லுத்தர் 1536-ல் எழுதிய ஷ்மல்கால்டு அறிக்கை பாப்பரசரே அந்திக்கிறிஸ்து என்று கூறிற்று. 1646-ல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அங்ஙனமே துணிந்தது.

இவ்வுரை வெறுங் கற்பனையினின்று எழுந்ததன்று. உரோமை ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகரம். அதன் குரு அரசும் செலுத்தினார். அச்சபையோடு மாறுபட்ட ஜான் ஹஸ் 1415-ல் தீயில் இடப்பட்டார். நொந்தார் நெஞ்சிற்கு அவ்வுரை இயல்பாகவே தோன்றிற்று. ஆயினும், நோவின் மிகுதி பொருளின் மெய்ம்மைக்கு அளவையாகாது.

இப்பூசல் தமிழ்நாட்டையும் தொட்டது. மதுரையில் 1606-ல் தத்துவபோதகராகிய இராபர்ட் டி நொபிலி வந்தமர்ந்தார்; நூறாண்டு கழித்து, 1706-ல் தரங்கம்பாடியில் லுத்தர் சபைச் சீகன்பால்கு வந்திறங்கினார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறி முடிந்தது. மதுரை மிஷனைச் சார்ந்த வீரமாமுனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களால் அச்சபையாரை எதிர்த்தார். பின்னர் 1834-ல் யாழ்ப்பாணத்தினின்று அமெரிக்க மிஷனார் மதுரைக்கு வந்தனர். ஆகவே வைகைக் கரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இருதிறத்தாரும் அருகருகே சபை வளர்த்தனர்.

இனி, அவ்வுரையின் வன்மையை அவர்தம் நூல்கொண்டே ஆராய்வாம். அந்திக்கிறிஸ்து என்னுஞ் சொல் தானியேலிலும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்திலும் இல்லை. யோவான் நிருபங்களில் மட்டுமே உளது. அங்கும் அத்தகையோர் பலர் என்றும், பிதாவையும் குமாரனையும் மறுப்பவனே அவன் என்றும் கூறப்பட்டது. உரோமைச் சபையார் அவ்விருவரையும் மறுத்தாரல்லர். நூல் தானே வகுத்த இலக்கணத்தை விடுத்து வேறிலக்கணம் கட்டுதல் உரையன்று.

காலக்கணக்கும் அத்தன்மைத்தே. 1260 நாளை 1260 ஆண்டாகக் கொண்டு, 538-ல் தொடங்கினார் சிலர், பாப்பரசர் ஆறாம் பயஸ் பிரெஞ்சுப் படையாற் சிறைப்பட்ட 1798-ல் முடித்தனர். 606-ல் தொடங்கினார் வேறு சிலர், 1866-ல் முடித்தனர். பாப்பரசர் பீடமோ இரண்டாண்டையும் கடந்து நின்றது. தொடக்கம் உரையாசிரியர் விருப்பிற்குரியதாயின் முடிவும் அவர் விருப்பேயாம்.

எண்ணின் கதி இன்னும் இரங்கத்தக்கது. 666-ஐ உரோமைச் சபைமேல் ஏற்றினார் ஒருபுறமாக, அதே எண்ணை லுத்தர் பெயரெழுத்துக்களிற் கூட்டிக் காட்டினார் கத்தோலிக்கருள் ஒருவர். எபிரெய எழுத்தால் நீரோ மன்னன் பெயருக்கும் அவ்வெண் பொருந்தும். இலக்கணம் தனக்குரிய பொருளளவில் நில்லாது பிறவற்றினுஞ் செல்லுதலை அதிவியாப்தி என்பர் தருக்க நூலார். அக்குற்றம் இதன்கண் வெளிப்படை. ஏசு சபையாருள் ரிபேரா என்பார் அத்தீர்க்கதரிசனத்தில் பெரும்பகுதியை உலகமுடிவிற்குத் தள்ளினார். அல்காசார் என்பார் அதனைப் பண்டைக் காலத்ததாக்கினார். ஒரு நூலை மூவர் மூன்று காலத்திற்கு இழுத்தனர்.

அற்றேல், சைவர்க்கு இதனால் வருவதென்னை? புரொட்டஸ்டாண்டார் வசையை எடுத்துக் கத்தோலிக்கர்மேல் எறிதலும், அவர் வசையை எடுத்து இவர்மேல் எறிதலும் எளிய வெற்றி எனக் கருதுவார் உளர். அஃது அறியாமை. திருவுருவமும் தூபமும் தீபமும் பற்றி உரோமைச் சபையைப் பழித்த அதே வாய், அதே காரணங்கூறிச் சைவத் திருக்கோயிலையும் பழித்தது. அவ்வம்பை எடுப்பவன் தன் கோயிலையே எய்கின்றான்.

நாவலர் அந்நெறி சென்றாரல்லர். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்து அதனை நன்குணர்ந்த அவர், 1854-ல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், பழிக்கப்பட்ட கிரியைகளுக்கு ஒப்பானவை விவிலியத்தினுள்ளேயே இருத்தலைக் காட்டினார். சிவஞானசித்தியார் பரபக்கமும் பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கும்.

காலம் செல்லச்செல்ல அவ்வுரையின் வேகமும் தணிந்தது. அமெரிக்கப் பிரெஸ்பிடேரியர் 1903-ல் தம் அறிக்கையினின்று அந்திக்கிறிஸ்து என்னும் பழியை நீக்கினர். லுத்தர் சபையாரும் கத்தோலிக்கரும் 1999-ல் ஆக்ஸ்பர்க்கு நகரில், தம்மைப் பிரித்த முதற்கோட்பாடு பற்றியே ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். பழித்தார் கைவிட்ட வசையைச் சைவர் பொறுக்கிக் கோடல் எத்துணை இழிவு!

மதுரையில் ஆளுடைய பிள்ளையார் புரிந்த அனல்வாதத்தை அன்பர் நினைக. இருதிறத்தார் ஏடும் ஒரே தீயில் இடப்பட்டன. புனல்வாதத்தில் ஒரே வைகையில் விடப்பட்டன. தமக்கொரு தீயும் பிறர்க்கொரு தீயும் மூட்டப்பட்டில. தன் ஏட்டை இடுதற்கு அஞ்சும் தீயிற் பிறர் ஏட்டை இடாமையே வாதநெறியாம்.

திருச்சிற்றம்பலம்.