காட்டு மொழியில் நாமும் நாங்களும்: ‘ஜங்கிள் புக்’ தொலைக்காட்சித் தொடர் – ஒரு மறுபார்வை

1. முன்னுரை

சிறுவயதில் விரும்பிப் பார்த்த கார்ட்டூன் தொடரை நடுவயதில் மீண்டும் பார்ப்போர் பெரும்பாலும் அதில் தம் இளமையைத் தேடுகின்றனர். அத்தேடல் இனியது, எனினும் திறனாய்வுக்கு அது போதாது. தொடர் அன்று இருந்தவாறே இருக்கிறது. பார்ப்பவரின் மொழியறிவு மட்டும் மாறியிருக்கிறது. அம்மாற்றம் ஒரு பனுவலை எவ்வாறு இரண்டாக்குகிறது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

இக்கட்டுரையாளர் 1993-இல் இந்தி அறியாத பள்ளி மாணவர். அவ்வாண்டு தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பான ‘ஜங்கிள் புக்’ இந்தி வடிவத்தை மொழி விளங்காமலே கண்டவர். பின்னர் இந்தி கற்று, அண்மையில் அத்தொடரை மீண்டும் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

2. பனுவல் வந்த வழி

ருட்யார்டு கிப்ளிங்கின் கதைத்தொகுதிகள் இரண்டும் முறையே 1894, 1895-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கதைக்களம் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் சிவனி மலைப்பகுதி. கிப்ளிங் இந்துஸ்தானிச் சொற்கள் பலவற்றை விலங்குகளுக்குப் பெயராக இட்டு, கதையை ஆங்கிலத்தில் எழுதினார். ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் ஃபுமியோ குரோக்கவாவின் இயக்கத்தில் 52 பகுதிகள் கொண்ட தொடராக இதனை உருவாக்கியது. அது 1989–90-இல் அங்கு ஒளிபரப்பாயிற்று. அதன் இந்தி வடிவமே 1993-இல் நம் வீடுகளுக்கு வந்தது. தொடக்கப் பாடலைக் குல்சார் எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். ஷேர் கானுக்கு நானா படேகர் குரல் கொடுத்தார்.

இப்பயணத்தில் சில கூறுகள் உதிர்ந்தன, சில ஏறின. கிப்ளிங் பெயரிடாது விட்ட தந்தை ஓநாய்க்கு ஜப்பானியர் அலெக்சாந்தர் என்று பெயரிட்டனர். கிழக்கு இமயமலைப் பகுதிக்குரிய செம்பாண்டா ஒன்று மோக்லியின் தோழனாயிற்று. கிப்ளிங்கின் மோக்லி ஏந்திய கத்திக்குப் பதிலாகத் தொடரின் மோக்லி பூமராங் எறிகிறான். இதைத் தமிழாக்குவோர் ‘வளரி’ என்னும் சொல்லை நினைப்பர். எறிகருவி என்ற வகையில் அச்சொல் பொருந்தும். ஆயினும் எறிந்தவரிடம் திரும்புதல் வளரிக்கு இன்றியமையாத பண்பன்று. தொடரிலோ திரும்பி வருதலே அக்கருவியின் சிறப்பு. சொல் சிவகங்கைச் சீமையின் போர் நினைவையும் உடன் கொண்டுவரும். மரபுச் சொல் கிடைத்துவிட்டது என்பதனாலேயே மொழிபெயர்ப்பு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

3. பெயரும் பொருளும்

இந்தி அறிந்த சிறுவனுக்குப் ‘பாலு’ என்றால் கரடி, ‘ஹாத்தி’ என்றால் யானை, ‘அகேலா’ என்றால் தனியன். அவை அவனுக்குப் பொதுப்பெயர்களாகவும் ஒலிக்கும். ஆங்கிலேயச் சிறுவனுக்கும் ஜப்பானியச் சிறுவனுக்கும் அவை வெறும் சிறப்புப் பெயர்கள். ஆகவே இந்தி வடிவத்தைச் சொற்கள் தாய்வீடு திரும்பிய நிகழ்வு எனலாம். எனினும் எல்லாச் சொற்களும் அவ்வாறு திரும்பவில்லை. ‘மோக்லி’ கிப்ளிங் புனைந்த பெயர். தவளை என்று அவர் சொன்ன பொருள் எந்த மொழியிலும் இல்லை. அதன் முதலுயிரை ஔகாரமாக ஒலிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. இந்தியில் ஓகாரமே நிலைத்தது. தாய் ஓநாய்க்குக் கிப்ளிங் இட்ட ‘ரக்‌ஷா’ என்னும் பெயருக்கு அவர் தரும் பொருள் அரக்கி. இந்தியில் அச்சொல்லுக்குப் பாதுகாப்பு என்பதே பொருள். ஜப்பானியத் தொடர் அத்தாய்க்கு லூரி என வேறு பெயரிட்டதால் இம்முரண் எழாமலே போயிற்று.

தமிழ்ச் சிறுவனின் நிலை இவ்விரண்டிலும் சேராதது. இந்தியின் மூச்சொலி தமிழ்ச் செவியில் தங்குவதில்லை. எனவே கரடியின் பெயர், நம் தெருக்களில் பாலசுப்பிரமணியன்களை அழைக்கும் ‘பாலு’வோடு ஒன்றிவிடுகிறது. கரடி, அடுத்த வீட்டு மாமா போல் ஆகிவிடுகிறது. தொடக்கப் பாடலிலும் இத்தகைய நிகழ்வு ஒன்று உண்டு. உள்ளாடை அணிந்து மலர்ந்த பூவாகக் குழந்தையைக் காட்டுகிறது அப்பாடல். உள்ளாடையைக் குறிக்கும் அவ்விந்திச் சொல் தமிழ்ச் செவிக்குச் ‘சட்டி’ என்று கேட்கக்கூடியது. பூவும் சட்டியும் சேர்ந்தால் தமிழில் முழுமையான பொருளே கிடைத்துவிடுகிறது! அறியாத மொழியைக் கேட்கும் செவி வெறுமையாக இருப்பதில்லை. தன் மொழியைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்கிறது.

4. விளங்கியதால் நேர்ந்த இழப்பு

மொழி விளங்கிய பின் தொடர் சிறக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மறுபார்வை அதனை முழுதும் உறுதிசெய்யவில்லை. 52 பகுதிகளுக்காகக் கதை நீட்டப்பட்டிருப்பது இப்போது புலப்படுகிறது. படம் காட்டியதையே உரையாடல் பலவிடங்களில் மீண்டும் சொல்கிறது. அறிவுரைகள் மிகுதி. இந்தி அறியாத சிறுவனுக்கு இக்குறைகள் ஒன்றும் எட்டவில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் உடலசைவும் மட்டுமே அவனுக்குப் பனுவல். அப்பனுவல் செறிவாக இருந்தது.

விளங்கிய பின்னும் குன்றாதது நானா படேகரின் குரல். சொற்களை வெட்டி வெட்டி எறியும் அவர் பேச்சுமுறை, பொருள் தெரியாதவனையும் அச்சுறுத்தியது, தெரிந்தவனையும் அச்சுறுத்துகிறது. 2016-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் இந்தி வடிவத்திலும் ஷேர் கானுக்கு அவரே குரல் தந்தார். ஒரு மொழிமாற்றக் குரல் இருபதாண்டுகளுக்கு மேல் ஒரு பாத்திரத்துக்கு உரிமை கொண்டாடுவது எளிதில் நிகழ்வதன்று.

5. திணைச் சிக்கல்

இத்தொடர் தமிழில் பேச வேண்டுமாயின் எழும் முதற்சிக்கல் திணை. இந்தி வினைமுற்று ஆண்பால் பெண்பால் காட்டும். உயர்திணை அஃறிணை காட்டாது. புலி வந்தாலும் சிறுவன் வந்தாலும் வினை ஒன்றே. தமிழிலோ ஷேர் கான் வந்ததா, வந்தானா, வந்தாரா என்பதை ஒவ்வொரு தொடரிலும் முடிவு செய்தாக வேண்டும். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கலாம் என நன்னூல் இடந்தருகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை விதிவிலக்காகக் கொள்ளாமல் கலைக்கருவியாகவே கொள்ளலாம்.

விலங்குகள் தம்மைப் பற்றித் தமக்குள் பேசுகையில் உயர்திணை வரட்டும். ஊரார் அவற்றைப் பற்றிப் பேசுகையில் அஃறிணை வரட்டும். அப்போது, ஊருக்குள் வந்த மோக்லி பாலுவைப் பற்றி ஊராரிடம் எவ்வாறு பேசுவான்? ‘அவன் எனக்குக் கற்பித்தான்’ என்பானா, ‘அது எனக்குக் கற்பித்தது’ என்பானா? அவ்வொரு விகுதியில் அவன் எப்பக்கம் நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். குகையில் கிடக்கும் குழந்தையைப் பற்றி ஓநாய்கள் ‘சிரிக்கிறது’ என்பது இயல்பான தமிழே. நாமும் குழந்தையை அவ்வாறே சொல்கிறோம். கூட்டம் ஏற்றுக்கொண்ட நாள் முதல் ‘சிரிக்கிறான்’ என்று மாறினால் போதும். தத்தெடுப்பு இலக்கணத்திலேயே நிகழ்ந்துவிடும்.

மரியாதைச் சிக்கலும் இதனோடு சார்ந்தது. முன்னிலையில் ஒருமை பன்மை வேறுபாட்டை இழந்த ஆங்கிலத்தில் கிப்ளிங் வழக்கொழிந்த ஒருமைப் பெயரை மீட்டெடுத்து விலங்குகளின் வாயில் வைத்தார். இந்தியில் மூன்று படிகள் இயல்பாகவே உள்ளன. தமிழிலும் நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றும் உயிருடன் இருக்கின்றன. ஓநாய்த் தலைவன் அகேலாவை ‘நீர்’ என விளித்தால் அம்முதுமைக்கு அது பொருந்தும்.

6. நாம், நாங்கள்

கதையின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. பேசுபவனும் கேட்பவனும் ஒரே குருதியினர் என அறிவிக்கும் மந்திரச்சொல்லைக் கரடி மோக்லிக்குக் கற்பிக்கிறது. ஆங்கிலத் தன்மைப் பன்மை கேட்போரை உள்ளடக்குகிறதா என்பதைத் தன்னளவில் காட்டாது; எனவே முன்னிலையையும் தன்மையையும் தனித்தனியே பெயர்த்துச் சொல்லியே கிப்ளிங் அதனைத் தெளிவாக்குகிறார். பொது இந்தியின் ‘ஹம்’ என்பதற்கும் அவ்வேறுபாடு இல்லை. ஜப்பானிய மூவிடப்பெயர்களுக்கும் இல்லை. இப்பனுவல் கடந்துவந்த மூன்று மொழிகளிலும் இல்லாத ஒன்று தமிழில் உண்டு. ‘நாம்’ என்றால் கேட்பவன் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவன் வெளியே.

மோக்லியின் வாழ்வு முழுவதும் இவ்விரு சொற்களுக்கு இடையே நிகழ்வது. கிப்ளிங்கின் கதையில் ஓநாய்க் கூட்டம் அவனை விலக்குகிறது; பின்னர் மனிதரும் அவனைக் கல்லெறிந்து துரத்துகின்றனர். இரு சாராரும் அவனிடம் சொல்வது ஒன்றே: ‘நாங்கள்’. அவன் இரு சாராரிடமும் வேண்டுவதும் ஒன்றே: ‘நாம்’. இப்பூசல் மூன்று மொழிகளிலும் விளக்கவுரைகளாலும் குறிப்பாலும் உணர்த்தப்பட வேண்டியது. தமிழில் அது ஒரு மூவிடப்பெயரால் முடியும்.

இங்கு வேறொன்றும் நினைக்கத்தக்கது. கதை நிகழும் அம்மலைப்பகுதியில் பேசப்படும் மொழிகளுள் ஒன்றான கோண்டி, திராவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்காட்டின் கதை ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் இந்தியிலும் பேசியது. அக்காட்டோரின் மொழியில் அத்தொடர் நம்மிடம் வரவில்லை. தாய்வீடு திரும்பியது என்று மேலே கூறியதற்கு இவ்வரம்பையும் சேர்த்துக் கொள்ளல் வேண்டும்.

7. முடிவுரை

சித்திரத் தொடர் என்ற வகையில் ‘ஜங்கிள் புக்’ நடுத்தரமானது. மொழிமாற்றம் என்ற வகையில் உயர்ந்தது. பாடல், குரல், பெயர் ஆகிய மூன்றிலும் அது மூலத்தின் நிழலாக நில்லாமல் தன் மொழியின் வளத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 2007-இல் சுட்டி டிவி தொடங்கிய பின் சிறுவர் தொடர்கள் பல தமிழில் பேசுகின்றன. அவற்றை எழுதுவோர் உதட்டசைவுக்கேற்பச் சொற்களை அளந்து வெட்டும் நெருக்கடியில் உள்ளனர் என்பது உண்மையே. ஆயினும் ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும் நீளத்தில் பெரிதும் வேறுபடுவன அல்ல. ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதினால், சிறுவன் ஒருவன் கதைக்கு வெளியே நிறுத்தப்படுவான். தமிழ் அறிந்த குழந்தை அதனை உடனே உணர்ந்துவிடும்.