சிறிய அறைகளின் ருஷ்யா

தமிழில் தீவிரமாக வாசிப்பவர்களில் குறைந்தது இரண்டு தலைமுறையினர் ருஷ்யாவை நாவல்கள் வழியாகவே முதலில் அறிந்தவர்கள். டி. எஸ். சொக்கலிங்கத்தின் ‘போரும் வாழ்வும்’, ரகுநாதனின் ‘தாய்’ போன்ற மொழிபெயர்ப்புகள் வழி திறந்தன. பிறகு மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் சிற்றூர்கள்வரை வந்து சேர்ந்தன. மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்த ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் ஆகியோருக்கு நம் உரைநடை பட்டிருக்கும் கடன் இன்னும் முழுதாகப் பேசப்படவில்லை.

அந்த வாசிப்பில் நாம் கட்டிக்கொண்ட ருஷ்யா பிரம்மாண்டமானது. முடிவில்லாத புல்வெளி, பனி, நாள்கணக்கில் ஓடும் ரயில். சோவியத் காலத்தில் அழைப்பின்பேரில் அங்கே போய்வந்தவர்கள் எழுதிய பயண நூல்களும் பெரும்பாலும் பெரியவற்றையே காட்டின: அணைகள், ஆலைகள், கூட்டுப்பண்ணைகள், செஞ்சதுக்கம். கதைகளைப் படித்துவிட்டுப் போகும் வாசகருக்கோ எழுத்தாளர்களின் வீடுகள்தான் முக்கியம். அங்கே அவரை உலுக்குவது அந்த இடங்களின் சிறுமை.

மாஸ்கோவின் ஹமோவ்னிக்கி பகுதியில் உள்ள மரவீட்டில் டால்ஸ்டாய் 1882 முதல் 1901 வரை குளிர்காலங்களைக் கழித்தார். ‘புத்துயிர்ப்பு’ அங்கே எழுதப்பட்டது. அவருக்குக் கிட்டப்பார்வை, ஆனால் மூக்குக்கண்ணாடி அணியப் பிடிக்காது. அதனால் முகம் தாளுக்கு அருகில் வரும்படி நாற்காலியின் கால்களை அறுத்துக் குட்டையாக்கிக்கொண்டார். மின்விளக்கு இல்லாத வீடு. நீதிமன்றம், சிறை, சைபீரியாவுக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகள் என ஒரு பேரரசையே குற்றக்கூண்டில் ஏற்றிய அந்த நாவல், மெழுகுவத்தி வெளிச்சத்தில், குழந்தைகள் உட்காரும் உயரத்தில் இருந்து எழுதப்பட்டது.

மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில், துலா நகருக்கு அருகே யாஸ்னயா பல்யானா இருக்கிறது. அவர் பிறந்த பெரிய மாளிகை இப்போது அங்கே இல்லை. இளம் வயதில் அவர் அதை விற்றுவிட, அதைப் பிரித்து எடுத்துப்போய் வேறு ஊரில் கட்டிக்கொண்டார்கள். எஞ்சிய வீட்டின் கீழ்த்தளத்தில் தாழ்ந்த வளைகூரை கொண்ட ஓர் அறை. முன்பு அது பண்டங்கள் வைக்கும் இடம்; இறைச்சியைத் தொங்கவிட்ட இரும்பு வளையங்கள் இன்றும் கூரையில் இருக்கின்றன. சத்தத்துக்கு ஒதுங்கி டால்ஸ்டாய் எழுதிய அறைகளில் அதுவும் ஒன்று. தோட்டத்துக்கு அப்பால், ஓடைச்சரிவின் விளிம்பில் அவர் கல்லறை. சிலுவை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, புல் மூடிய மண்மேடு மட்டும். 1908இல் ‘ஓர் இந்துவுக்குக் கடிதம்’ இந்த ஊரிலிருந்துதான் போனது. அதில் அவர் திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்திலிருந்து எடுத்தாண்டிருக்கிறார். நாம் அவரைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர் நம்மைப் படித்திருந்தார் என்பதை அந்த மேட்டின் அருகில் நினைக்காமல் இருக்க முடியாது.

பீட்டர்ஸ்பர்கில் தஸ்தயெவ்ஸ்கி 1881இல் இறந்த வீடு 1971 முதல் அருங்காட்சியகம். நினைவுக்குறிப்புகளைக் கொண்டு கவனமாக மீட்டமைத்திருக்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானவை சென்னயா சந்தையைச் சுற்றியுள்ள தெருக்கள். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் ரஸ்கோல்னிகவ் தன் வீட்டு வாசலிலிருந்து அடகுக்காரக் கிழவியின் வீட்டுக்கு 730 காலடிகள் என்று எண்ணி வைத்திருக்கிறான். அந்த எண் படிக்கும்போது கண்ணில் தங்காமல் போய்விடும். தெருவில் நின்றால் நெஞ்சை அடைக்கும். கொலைகாரன், கிழவி, சோனியா, நாவலை எழுதியவரின் அன்றைய வாடகை வீடு எல்லாமே கால்வாயை ஒட்டிய சில தெருக்களுக்குள் அடக்கம். தப்பிக்க இடமே இல்லாத நெருக்கம் அது.

நீஷ்னி நோவ்கரதில் கார்க்கியின் தாத்தா கஷீரின் வீடும் அப்படித்தான். அவருடைய குழந்தைப் பருவ நினைவுகளில் அத்தனை சண்டையும் பிரம்படியும் நடந்த சமையலறை, நாலைந்து பேர் நுழைந்தால் நிறைந்துவிடும்.

செகாவ் மட்டும் இந்த வரிசையில் அடங்க மாட்டார். மெலீஹவாவில் 1892 முதல் 1899 வரை வாழ்ந்த அவர், தோட்டத்தில் கட்டிய குட்டி வீட்டில்தான் ‘கடற்பறவை’யை எழுதினார். காலரா பரவிய ஆண்டில் 25 கிராமங்களுக்குச் சம்பளமில்லாமல் மருத்துவம் பார்த்தார். ஆனால் 1890இலேயே, ரயில் இல்லாத சைபீரியாவைக் குதிரை வண்டியிலும் படகிலும் கடந்து சஹாலின் தீவுக்குப் போய், மூன்று மாதம் தங்கி, கைதிகளையும் குடியேறியவர்களையும் வீடு வீடாகச் சந்தித்து ஏறக்குறைய 10,000 அட்டைகளில் பதிவு செய்திருந்தார். நாம் கற்பனை செய்த அந்தப் பரப்பு முழுவதையும் உடம்பால் அளந்தவர் அவர். அதுவும் குடிசை குடிசையாக.

திரும்பும் வழியில் அவருடைய கப்பல் கொழும்பில் நின்றது. கண்டிக்கு ரயிலில் போனார். இலங்கையைச் சொர்க்கம் என்றே கடிதங்களில் கொண்டாடினார். கீரிப்பிள்ளைகளை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். சிங்கப்பூர் வரும் வழியில் இரண்டு பிணங்களைக் கடலில் இறக்கியதைப் பார்த்திருந்தார். கிழக்கிலிருந்து ஊர் திரும்பும் நோயாளிப் படைவீரன் கப்பலின் அடித்தளத்தில் சாகும் ‘குசெவ்’ கதையின் கரு இலங்கையில் உருவானதாக அவரே எழுதியிருக்கிறார். ருஷ்ய இலக்கியத்தின் வரைபடத்தில் தமிழ் வாசகர் யாஸ்னயா பல்யானாவுக்குப் புள்ளி வைக்கும்போது கொழும்புத் துறைமுகத்துக்கும் ஒன்று வைக்க வேண்டும்.