எண்ணெய் செய்த பிழையா?

ஒரு நாடு தாழ்வுற்றால் அதன் காரணத்தை மண்ணிலும் பொருளிலும் தேடுதல் எளிது. ஆள்வோர் செயலில் தேடுதல் அரிது. வெனிசுவேலாவின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் பலரிடம் இக்குறை காணப்படுகின்றது.

அந்நாட்டில் அமைச்சராயிருந்தவரும், 1960இல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பைத் தோற்றுவித்தோருள் ஒருவருமான ஹுவான் பாப்லோ பெரெஸ் அல்போன்சோ, 1976இல் வெளிவந்த தம் நூலுக்குப் ‘பேயின் கழிவில் மூழ்குகின்றோம்’ எனப் பொருள்படும் பெயர் சூட்டினார். அவர் அஞ்சியது திடீரெனக் குவிந்த பணத்தையும், அதனை அரசு இறைத்த முறையையும் ஆகும். பின்வந்தோரோ அரசை மறந்து பேயை மட்டும் பிடித்துக்கொண்டனர். ‘எண்ணெய் ஒரு சாபம்’ என்பது இன்று பழமொழிபோல் வழங்குகின்றது. இக்கூற்றுப் பொருந்துமா?

நிகழ்ந்தவற்றை வரிசையாக நோக்குவோம். 1976 தொடக்கத்தில் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையாயிற்று. பெதெவெசா எனும் அரசுக் கழகம் அதனை ஏற்றது. தொழிலறிந்தோர் அதனை நடத்தினர். 1998இல் நாளொன்றுக்கு 30 இலட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தனர். அக்காலக் கழகமும் குறையற்றதன்று. அரசுக்குள் தனியரசுபோல் நடந்தது என்னும் பழி அதற்குண்டு.

2002 இறுதியில் அதிபர் ஊகோ சாவேசை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. அது அரசியல் நோக்குடையதே. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதன் பயனாக ஏறத்தாழ 18,000 பேர் விலக்கப்பட்டபோது, பல்லாண்டுப் பட்டறிவும் அவர்களோடு வெளியேறியது. 2004 முதல் 2014 வரை ரஃபாயேல் ராமிரெஸ் ஒருவரே எண்ணெய் அமைச்சராகவும் கழகத் தலைவராகவும் இருந்தார். பாடம் நடத்துபவரே பள்ளி ஆய்வாளரும் ஆனால், பதிவேட்டிற் பிழை காண்பார் யார்? எண்ணெய் எடுக்கவேண்டிய கழகம் உணவு வாங்கி விற்கவும் ஏவப்பட்டது; அவ்வாறு வாங்கிய உணவு துறைமுகத்தில் அழுகிக் கிடந்தது 2010இல் வெளிப்பட்டது. 2017இல் எண்ணெய்த் தொழிற் பட்டறிவில்லாத படைத்தலைவர் ஒருவரிடம் அவ்விரு பதவிகளும் சென்றன. 2014இல் விலை சரிந்ததும், 2017 முதல் அமெரிக்கா விதித்த தடைகளும் துன்பத்தைப் பெருக்கின என்பது மெய். எனினும், எண்ணெய் வாணிகத்தின் மீதே தடை வந்த 2019க்கு முன்னரே உற்பத்தி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

நம் தோட்டத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. இன்றைய பாலுக்காகப் பட்டையை மட்டுமீறி ஆழ வெட்டினால் மரம் காயப்படும். நாளைய பால் குன்றும். அதற்காகப் பால்மரத்தைச் சபிப்பார் உளரோ?

நோர்வேயும் எண்ணெய் நாடே. 1972இல் அரசுக் கழகத்தை நிறுவியபோதே, அத்தொழிலை மேற்பார்க்க வேறொரு துறையையும் அது அமைத்தது. பொருள் ஒன்றே, காவல் வேறு.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, அச்சொல்லை மாணவர்க்கு எடுத்துரைக்குங்கால் அரையாக உரைக்கவேண்டா. பொருளைப் பழித்தால் பொறுப்புடையோர் தப்புவர். கணக்குக் கேட்பாரின்றி ஒருவர் கையிற் சேர்ந்ததே அந்நாட்டின் கேட்டிற்கு வேர் என்க.