குண்டு விழுந்த தூரம்

கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்க் காலனி எங்கே என்று கேட்டால் யாரும் வர்ஜினியாவுக்கு வழி சொல்லமாட்டார்கள். ஊருக்கு வெளியே, சேரிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டு வரிசைக்கு வைத்த பேர், சேரிக்கே பேராகிவிட்டது. 2025 ஏப்ரலில் இந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பின்காலனியம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் (என்னையும் சேர்த்துத்தான்) எங்க ஊர்க் காலனியை அந்தச் சொல்லாடலுக்குள் விட்டதே இல்லை.

1690இல் கடலூர்க் கோட்டையைச் செஞ்சி மராட்டியர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் சேர்த்தி என்பது ஒப்பந்தம். சென்னையிலிருந்து பீரங்கியைக் கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டார்கள். உள்ளே அகப்பட்டவை குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்ற பேர் இன்றும் இருக்கிறது. உழுதவனை யாரும் கேட்கவில்லை. சேரியும் ஊரிலிருந்து ஒரு தூரம் பார்த்து வைத்ததுதான். அதற்குப் பீரங்கி தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். இங்கிலாந்து திரும்பிய பின், கனெக்டிகட் என்ற ஆங்கிலக் குடியேற்றத்திலிருந்த சிறு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கு அனுப்பினார். துணிமணி. 562 பவுனுக்கு விலைபோயிற்று. 1718இல் கல்லூரி அவர் பேரை வைத்துக்கொண்டது. பால் டி மான் கட்டுடைப்பைச் சொல்லிக்கொடுத்தது அந்த யேலில்தான். எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு அந்தப் பேர்களை உதிர்த்துக்கொண்டு திரிந்தவன் நான். இது தெரியவந்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமும்.

துணி விஷயம் இதோடு முடியவில்லை. சோழமண்டலக் கரையின் நீலத்துணிக்குக் கினித் துணி என்று பேர். ஐரோப்பிய வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். வாங்கப்பட்டவர்கள் வர்ஜினியாவில் புகையிலையும் கரோலினாவில் நெல்லும் அவுரியும் போட்டார்கள். தென்னார்க்காட்டிலும் அதே அவுரிதான்; 1897இல் ஜெர்மன் செயற்கைச் சாயம் சந்தைக்கு வந்த பிறகுதான் இங்கே அது படுத்தது. அவுரியில் முக்கிய துணியால் வாங்கப்பட்டவன் கடல் தாண்டி அவுரி பயிரிடுகிறான். அமெரிக்கக் குடியேற்றங்கள் ஒரு பாடம், இந்தியா வேறொரு பாடம் என்று பிரித்து வாசிக்கிற நம் பழக்கத்தில் காணாமல் போகிறவர்கள் சாயக்காரனும் தறிக்காரனும்.

மலையில் விஷயம் வேறு மாதிரி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் மலையாளிகளின் பூர்வகதை வருகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்களாம். மலையிலிருந்த வேடர்களைக் கொன்று அவர்கள் பெண்களைக் கட்டிக்கொண்டார்களாம். செத்த வேடனின் நினைவாகக் கல்யாணத்தில் துப்பாக்கி வெடிப்பார்களாம். வெள்ளை அதிகாரிக்கு இந்தக் கதை இனித்ததில் ஆச்சரியமில்லை. எல்லோருமே வந்தேறிகள் என்றால் அவன் வந்ததில் என்ன தப்பு? தர்ஸ்டனின் பிரதியை இப்படி வாசிப்பது சுலபம். நானே வாசித்திருக்கிறேன்.

ஆனால் வெள்ளைக்காரன் ஒருத்தன்தான் அந்நியன் என்ற கதையாடலும் கல்வராயனில் எடுபடாது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மலையை வைத்திருந்த ஜாகிர்தார்கள் உள்ளூர்க்காரர்கள். கீழே சமவெளியில் ரயத்துவாரிப் பட்டா வந்தது. மேலே உழுதவனுக்கு ஜாகிர்தார் சொன்னதுதான் சட்டம். 1947இல் வெள்ளைக்காரன் போனான். ஜாகிர் போனது 1976இல். 29 வருஷம். இந்த 29 வருஷத்துக்கு எந்தக் கோட்பாட்டில் பேர் இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னால் தேவலை. நாம் பின்காலனியம் என்கிற காலத்தில் மலை ஜாகிருக்குள் இருந்திருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம். 60 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் கூலிக்காரர்கள். கொன்றது மெத்தனால், அது தொழிற்சாலைச் சரக்கு, மலையில் விளைவதல்ல. ஆனாலும் பேச்சு முழுக்கக் கல்வராயன் மலைச் சாராயத்தைப் பற்றித்தான். அதற்கப்புறம்தான் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, மலைமேல் சாலை இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டது.