சங்கிலியும் சிகிச்சையும்: ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ ஆவணப்படம் பற்றிய ஒரு திறனாய்வு

நோயுற்றவனுக்கு மருத்துவமனை, குற்றஞ்செய்தவனுக்குச் சிறைச்சாலை எனப் பகுத்து வைத்துக்கொண்டே தற்காலச் சமுதாயம் தன் ஒழுங்கை அமைத்துக்கொண்டிருக்கிறது. ஒரே மனிதன் நோயாளியாகவும் குற்றவாளியாகவும் இருப்பானாயின் அவனை எங்கே வைப்பது? இரண்டும் ஒன்றாய் அமைந்த ஓரிடத்தில் வைக்கலாம் என்பது பல நாடுகள் கண்ட விடை. அத்தகைய இடத்தில் மருத்துவம் சிறையை மாற்றுகின்றதா, அன்றிச் சிறை மருத்துவத்தைத் தன்வயமாக்கிக் கொள்ளுகின்றதா? இவ்வினாவை எழுப்பும் படைப்புகளுள் தலையாயது அமெரிக்கரான ஃபிரெடரிக் வைஸ்மன் 1967-இல் வெளியிட்ட ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ என்னும் ஆவணப்படமாகும். சிறைப்பணியில் ஈடுபடும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் இதனை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் இப்படத்தில் திருச்சபையும் ஒரு பாத்திரமாய் வருகிறது. அது வந்து சேரும் வேளை நம் சிந்தனைக்குரியது.

படத்தின் பின்னணி

மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரிட்ஜ்வாட்டரில் அமைந்துள்ள நிலையம் பெயரால் மருத்துவமனை. ஆளுகையால் சிறைத்துறையைச் சார்ந்தது. மனநிலையை ஆராயும்பொருட்டு நீதிமன்றங்கள் அனுப்பியோரும், தண்டனைக் காலத்தில் மனநோயுற்றோரும் அங்கு அடைக்கப்பட்டிருந்தனர். வைஸ்மன் சட்டம் பயிற்றுவித்தவர். தம் மாணவர்களை அந்நிலையத்திற்கு அழைத்துச் சென்றவர். 1966-இல், உரிய அதிகாரிகளின் இசைவோடு, ஜான் மார்ஷல் என்னும் ஒளிப்பதிவாளருடன் இருபத்தொன்பது நாட்கள் அங்கே படம் பிடித்தார். கறுப்பு வெள்ளையில் அமைந்த இப்படம் எண்பத்துநான்கு நிமிடங்கள் ஓடுவது. விளக்கவுரை கூறும் குரல் இல்லை. எவரையும் அமரவைத்துப் பேட்டி காண்பதும் இல்லை. கைதிகளும் காவலரும் சேர்ந்து நடத்திய ஒரு கலைநிகழ்ச்சியின் பெயரே படத்தின் பெயராயிற்று. அந்நிகழ்ச்சியில் தொடங்கி அந்நிகழ்ச்சியிலேயே படம் முடிகிறது.

சொல் நோய்க்குறியாகும்போது

படத்தின் உள்ளத்தை ஒரு நிகழ்வில் காணலாம். சிறையிலிருந்து சோதனைக்கென அனுப்பப்பட்ட ஓர் இளைஞர், ஓராண்டுக்கு மேலாகியும் திருப்பி அனுப்பப்படவில்லை. இவ்விடத்தின் இரைச்சலும் மருந்துகளுமே தம்மைக் கெடுக்கின்றன என்றும், தம்மைச் சிறைக்கே மீண்டும் அனுப்பவேண்டும் என்றும் அவர் மருத்துவர் குழுவின்முன் வாதாடுகிறார். சிறைக்குப் போக ஒருவன் மன்றாடுகிறான் என்றால் அவன் இருக்குமிடம் எத்தகையது என்று நாம் கேட்போம். அக்குழு அவ்வாறு கேட்கவில்லை. அவர் வெளியே அனுப்பப்பட்டபின், அவருடைய நிலை மோசமாகிவிட்டது என்று குழுவினர் தமக்குள் முடிவுசெய்து, அமைதியூட்டும் மருந்தை அதிகமாக்குமாறு பரிந்துரைக்கின்றனர்.

அவ்விளைஞர் நோயற்றவர் என்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. படமும் அவ்வாறு கூறவில்லை. ஆனால் நோயாளியின் சொல்லும் உண்மையாயிருக்கக் கூடும் என்னும் எளிய எண்ணம் அவ்வறையில் எவருக்கும் தோன்றவில்லை. அவர் அமைதியாயிருந்தால் சிகிச்சை பலிக்கிறது. முறையிட்டால் நோய் முற்றுகிறது. இவ்வாறு அமைந்த இடத்தில் ஒருவனுடைய சொல்லே முதலில் இறக்கிறது. பூட்டுக்குச் சிகிச்சை என்று பெயரிட்டுவிட்டால், பூட்டைத் திற என்னும் வேண்டுகோளும் நோயின் அடையாளமாகவே எழுதப்படும்.

படம் எடுக்கப்பட்ட அதே 1966-இல், பாக்ஸ்ட்ராம் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஈண்டு நினைக்கத்தக்கது. தண்டனைக் காலம் முடிந்தபின்னும் உரிய மறு ஆய்வின்றி ஒருவரை அத்தகைய சிறை மருத்துவமனையில் வைத்திருத்தல் முறையன்று என்று அது கூறிற்று. அதன் விளைவாக நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் பொது மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டனர். மிகவும் ஆபத்தானவர் எனக் கருதப்பட்டிருந்த அவர்களுள் மிகச் சிலரே பின்னர் வன்செயலில் ஈடுபட்டனர் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

பெயரும் ஆடையும்

பள்ளி ஆசிரியராயிருந்த ஒருவரை ஆடையின்றி அழைத்துச் செல்லும் காட்சி படத்தில் உண்டு. உன் அறை சுத்தமாயிருக்குமா என்று அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் காவலர் கேட்கின்றனர். அவர் விடையளித்த பின்னரும் கேள்வி ஓய்வதில்லை. அவர் சீறுவதைக் காண்பதே கேட்பவர்களின் நோக்கம் எனத் தோன்றுகிறது. பின் அவர் தம் வெற்றறைக்குள் தள்ளப்பட்டுத் தரையை மிதித்து மிதித்து நடக்கிறார்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனை ஊரார் சங்கிலிகளால் கட்டிப் பார்த்தனர். ஆண்டவர் அவனுடைய பெயரைக் கேட்டார். அவன் நலம்பெற்றதற்கு அடையாளமாக நற்செய்தியாளர் கூறுவன, அவன் ஆடையணிந்திருந்தமையும் தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தமையுமாம். ஆங்கே பெயர் கேட்கப்படுவது மனிதனை அவனுக்கே மீட்டுக்கொடுக்க; பிரிட்ஜ்வாட்டரிலோ அதே பெயர் சாட்டையாகிறது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆடையற்றவன், நோயாளி, காவலிலிருப்பவன் எனத் தனித்தனியே எண்ணப்படுவோர் இங்கே ஒரே உடலில் நிற்கின்றனர்.

திருச்சபை வரும் வேளை

உணவுண்ண மறுத்த முதியவர் ஒருவருக்கு மூக்கின்வழியே குழாய் செலுத்தி உணவு ஊற்றுகின்றனர். ஊற்றும் மருத்துவரின் உதடுகளில் சிகரெட்டு. அதன் சாம்பல் புனலின்மேல் நீண்டு தொங்குகிறது. இக்காட்சியின் இடையிடையே, அதே மனிதர் இறந்தபின் அவருடைய உடல் அடக்கத்திற்கெனச் சவரஞ்செய்யப்பட்டு ஆயத்தமாக்கப்படுவதை வைஸ்மன் வெட்டி ஒட்டியிருக்கிறார். உயிரோடிருந்தபோது கிடைக்காத மென்மை பிணத்திற்குக் கிடைக்கிறது என்பது கருத்து. இவ்விடத்தில் படம் ஒரு படி தாழ்கிறது என்பது நம் எண்ணம். ஏனைய இடங்களில் காண்பவரையே தீர்மானிக்க விட்டவர், இங்கே கையைப் பிடித்து இழுக்கிறார். மறையுரையில் வேதபகுதி தானே பேசியபின் அதற்குமேல் மூன்று உவமைகள் சொல்லும் நம் வழக்கத்தைப் போன்றது இக்குறை.

இன்னொரு குறையும் உண்டு. படக்கருவி நிலையத்தின் வாயிலைக் கடந்து வெளியே செல்வதேயில்லை. இம்மனிதரை அனுப்பிய நீதிமன்றமும், பணம் ஒதுக்கிய சட்டமன்றமும், திரும்ப அழைத்துக்கொள்ளாத ஊரும் கண்ணில் படுவதில்லை. ஆகவே குற்றமனைத்தும் குறைந்த ஊதியம் பெறும் காவலர்மேல் விழுந்துவிடுகிறது.

கத்தோலிக்கக் குரு ஒருவர் படத்தில் வருகிறார். நோயுற்றுக் கிடக்கும் ஒருவருக்கு எண்ணெய் பூசி மன்றாடுகிறார். அடக்க வழிபாடும் நடைபெறுகிறது. சடங்கில் குறையொன்றுமில்லை. ஆயினும் திருச்சபை காட்சிக்கு வருவது படுக்கையருகிலும் குழியருகிலுமே. இளைஞர் குழுவின்முன் வாதாடியபோது அருகில் ஆயர் எவரையும் படம் காட்டவில்லை. குருவைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. நம்மில் எத்தனை பேருடைய சிறைப்பணி பண்டிகைக் கால வழிபாட்டோடும் பழங்கள் வழங்குவதோடும் முடிந்துவிடுகிறது?

தடையும் திரையும்

இப்படத்தைக் காட்டலாகாது என மாநில அரசு வழக்குத் தொடர்ந்தது. கைதிகளின் அந்தரங்கம் பறிக்கப்படுகிறது என்றது. 1968-இல் நீதிபதி ஒருவர் படத்தை அழித்துவிடவே ஆணையிட்டார். 1969-இல் மாநில உயர்மன்றம் அதனைத் திருத்தி, நீதிபதிகள், வழக்குரைஞர், மருத்துவர், சமூகப்பணியாளர், அத்துறை மாணவர் போன்றோர் மட்டும் காணலாம் என்றது. பொதுமக்கள் காண்பதற்கு 1991-இல்தான் வழி பிறந்தது.

அரசின் வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. தன் இசைவை அறிந்து தரவியலாதவனுடைய நிர்வாணத்தை உலகுக்குக் காட்டுவது சிறு காரியமன்று. ஆயினும் அம்மனிதர்களை ஆடையின்றி அறைகளில் அடைத்தவர் வைஸ்மன் அல்லர். பல்லாண்டுகள் அவர்களுக்கு ஆடை தராத ஆட்சி, படக்கருவி வந்தபின்னரே அவர்களைப் போர்த்த முன்வந்தது. அப்போர்வை ஆட்சியையும் மறைத்தது. 1966-க்குப்பின் அங்கு மாறுதல்களும் முன்னேற்றங்களும் நிகழ்ந்துள்ளன என்னும் குறிப்பைப் படத்தில் சேர்க்கவேண்டும் எனவும் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009-இல் அதே நிலையத்தில் மனநோயுற்ற இளைஞர் ஒருவர், காவலர் அவரைப் படுக்கையோடு சேர்த்துக் கட்டுகையில் உயிரிழந்தார். ஓர் அறிவிப்பு வாக்கியம் மனிதனைக் காப்பதில்லை.

நம் கடமை

இது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. மனநோயின் பெயரால் பீகாரின் ஹசாரிபாக் சிறையில் இருபது, முப்பது ஆண்டுகளாகக் கிடந்தோரின் நிலையை 1982-இல் வீணா சேத்தி வழக்கில் நம் உச்சநீதிமன்றம் கண்டது. நலமடைந்த பின்னரும் விடுவிக்கப்படாதோர் அவர்களுள் இருந்தனர். குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளரைச் சிறையில் அடைத்தல் சட்டத்திற்கு மாறானது என்று 1993-இல் ஷீலா பார்சே வழக்கில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 103-ஆம் பிரிவில், மாநிலந்தோறும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைய வேண்டும் என்கிறது. தம் சிறையில் மனநோயுற்ற கைதிகள் எவருமில்லை எனச் சிறை மருத்துவர் மும்மாதத்திற்கொருமுறை மறு ஆய்வு வாரியத்திற்குச் சான்றளிக்கவும் வேண்டும். நல்ல சட்டமே. ஆயினும் எவருமில்லை என்னும் சான்றிதழும், முன்னேற்றம் நிகழ்ந்துள்ளது என்னும் குறிப்பும் நேரில் சென்று காணாதவரை ஒரே தன்மையனவாகிவிடக் கூடும்.

ஆதலின் சிறைக்குச் செல்லும் ஆயர் சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இம்மனிதர் எந்த நாளில், எதற்காக இங்கு வந்தார்? அவர் நிலையை மீண்டும் ஆராயும் நாள் எது? அவர் கூறும் முறையீட்டை யார் எழுதி வைத்திருக்கின்றனர்? இவை சட்டக் கேள்விகளேயன்றி இறையியல் கேள்விகள் அல்ல என்று கூறுவோர், கல்லறைகளிடையே நின்று ஒரு மனிதனின் பெயரைக் கேட்டவரை நினைவுகூர்வாராக. அடக்க வழிபாட்டிற்கு முன்னரே நாம் சென்றுசேர வேண்டும். அவர் பேசும்போது அதனை நோய்க்குறியாக மட்டும் அன்றி ஒரு மனிதனின் சொல்லாகவும் கேட்கவேண்டும்.