சூடு போகணும், கரண்டு போகக் கூடாது

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நெருங்கிவிட்டால் போதும், கம்பம் பள்ளத்தாக்கின் மைக் செட் கடைகளில் ஆம்ப்ளிஃபயர்கள் மேல்மூடி கழற்றி வரிசையாகக் கிடக்கும். உத்தமபாளையத்தில் அப்படியொரு கடைக்குள் நுழைந்தால் எனக்கு வெளியே வரவே மனசு வராது. பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் வரிவரியாகப் பள்ளம் விட்ட அலுமினிய ஹீட் சிங்க், அதன்மேல் உலோகத் தொப்பி போட்ட 3055 டிரான்சிஸ்டர்கள். கடைக்காரர் இரண்டு திருகைக் கழற்றி ஒரு தொப்பியைத் தூக்கினார். அடியில், இருபுறமும் வெள்ளைப் பசை தடவிய ஒரு மைக்கா சில்லு. துடைத்தால் கண்ணாடி மாதிரி தெளிவு. நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. சின்ன வயதில் காக்காப்பொன் என்று பொறுக்கினோமே, அதேதான்.

“இது எதுக்குண்ணே?”

“சூடு போகணும் தம்பி, கரண்டு போகக் கூடாது. அம்புட்டுதான்.”

அம்புட்டுதானா! அந்தத் தொப்பியே டிரான்சிஸ்டரின் ஒரு மின்முனை. அலுமினியத்தை நேராகத் தொட்டால் ஷார்ட். தொடாமல் தள்ளி வைத்தால் சூட்டிலேயே செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவே நின்று, வெப்பத்துக்கு வழிவிட்டு மின்சாரத்தை மட்டும் மறிக்கிறது தாளைவிட மெல்லிய ஒரு சில்லு. அதைப் பார்த்ததிலிருந்து இந்த விஷயம் என்னை விடவே இல்லை.

வெப்பத்தை நன்றாகக் கடத்துவது மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். உலோகத்தில் அது அச்சுப்பிசகாத உண்மை. வீடெமான், ஃபிரான்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1853-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். நம் அடுப்படியே சாட்சி. தாமிரத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட், எவர்சில்வருக்கு வெறும் 15. மின்சாரத்திலும் எவர்சில்வர் தாமிரத்துக்கு நாற்பதில் ஒரு பங்குதான் தேறும். எவர்சில்வர் பாத்திரத்துக்குத் தாமிர அடி போடுவது சும்மா பளபளப்புக்காக இல்லை. உலோகத்துக்குள் ஓடித்திரியும் எலக்ட்ரான்கள்தான் இரண்டு சுமையையும் தூக்குகின்றன. அந்த எலக்ட்ரானையே 1897-ல்தான் கண்டுபிடித்தார்கள் என்பதை நினைத்தால், அந்த இருவர் மேல் எனக்குப் பிரியம் இன்னும் கூடிவிடுகிறது.

ஆனால் வெப்பத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது! திருவிழா நெரிசலில் பின்னாலிருந்து ஒருவர் நெட்டினால், யாரும் இடம் மாறாமலே அந்த உந்தல் முன்வரிசை வரை வந்து சேருமல்லவா? திடப்பொருளின் அணுக்களும் நின்ற இடத்திலேயே அதிர்ந்து அதிர்ந்து வெப்பத்தைக் கைமாற்றுகின்றன. மின்சாரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. மின்னூட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒன்று நகர்ந்தே ஆகவேண்டும்.

இதன் விளைவு பிரமாதமானது. லோயர் கேம்ப் பெரியாறு மின்நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்த லைனின் கோபுரங்களைப் பாருங்கள். கம்பியைத் தாங்கித் தட்டு தட்டாகப் பீங்கான் தொங்கும். அவ்வளவு வோல்டேஜையும் கட்டிப்போடுகிற பீங்கானால், ஒரு கப் டீயின் சூடு விரலைத் தொடாமல் தடுக்க முடியவில்லை! தாமிரத்துக்கும் பீங்கானுக்கும் மின்கடத்தலில் உள்ள வித்தியாசம் 1 போட்டு 18 சுழியமாவது போடவேண்டிய மடங்கு. வெப்பத்திலோ சில நூறு மடங்குதான். தாமிரத்தைக் காற்றோடு ஒப்பிட்டாலும் சுமார் 15,000 மடங்கு, அவ்வளவே. மின்சாரத்தை முழுசாக அடைக்கலாம். வெப்பத்தைத் தாமதப்படுத்தத்தான் முடியும். மைக்காவின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. அது வெப்பத்தை வாரிவிடும் பொருளே அல்ல; ஆனால் 0.05 மில்லிமீட்டர் தடிமனில் வெப்பம் அதை எளிதாகக் கடந்துவிடும். அதே தடிமன் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கி நிற்கும்.

மார்கழிக் குளிரில் வாளியில் போடுகிறோமே ஹீட்டர் ராடு, பழுதான ஒன்றை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். நடுவில் ஸ்பிரிங் போல நிக்ரோம் கம்பி, சுற்றிலும் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி, வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடி மக்னீசியம் ஆக்சைடு. காற்று இடைவெளி இருந்தால் சூடு தேங்கிவிடும் என்று, பொடியை நிரப்பிய பிறகு குழாயையே அழுத்திச் சுருக்கி இறுக்குகிறார்கள். கம்பியில் 230 வோல்ட் மின்சாரம் ஓட, தண்ணீருக்கு வெப்பம் மட்டும் வந்து சேர்கிறது. எத்தனை பேருடைய கைவண்ணம் இது!

இந்த ஜாதியின் ராஜா வைரம். மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது. வெப்பத்தைத் தாமிரத்தைப் போல ஐந்து மடங்கு கடத்தும். எடை குறைந்த கார்பன் அணுக்கள் விறைப்பாகப் பிணைந்திருப்பதால் அதிர்வு தங்குதடையின்றி ஓடுகிறது. நகைக்கடையில் பேனா போல ஒரு வைர டெஸ்டர் வைத்திருப்பார்களே, அதன் சூடான முனையிலிருந்து கல் எவ்வளவு வேகமாக வெப்பத்தை இழுக்கிறது என்றுதான் அது பார்க்கிறது. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிற ஜிர்கோனியா அங்கேயே மாட்டிக்கொள்ளும். மொய்சனைட் என்ற இன்னொரு மாற்றுக்கல் மட்டும் தப்பிவிடும், ஏனென்றால் அதுவும் வெப்பத்தை ஏகமாகக் கடத்தும். அதற்காகப் புது டெஸ்டர்கள் மின்சாரத்தையும் சோதிக்கின்றன. மொய்சனைட் பெரும்பாலும் கொஞ்சமாவது மின்சாரத்தை விடும், வைரம் பொதுவாக விடாது. ஒரே கல்லுக்குச் சூட்டில் ஒரு பரீட்சை, கரண்டில் ஒரு பரீட்சை! நகைக்கடைக்காரர் ஒரு மூக்குத்திக் கல்லில் முனையை வைத்துக் காட்டியபோது, இன்னொரு தடவை வைங்கண்ணே என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன்.