வந்த ஊரைக் கண்ட நூல்கள்
(ஓராண்டு வாசிப்பில் எழுந்த சில எண்ணங்கள்)

திரைகடல் கடந்து வாழப் புகுந்த தமிழரைப் பற்றி நம் மொழியில் எழுந்த நூல்கள் ஒன்றிரண்டல்ல. அவற்றுள் பல, விட்டுவந்த ஊரை எண்ணி வடிக்கும் கண்ணீராகவே அமைந்துவிட்டன. ஊருணிக் கரையும், பனங்காடும், குலதெய்வக் கோயிலும், தாயின் கைச்சோறும் நெஞ்சை உருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவர் பிறந்த ஊரில் வாழ்ந்தது இருபதாண்டு, வந்த ஊரில் வாழ்ந்தது நாற்பதாண்டு என்றால், அந்த நாற்பதாண்டின் கதையை எழுத வேண்டாமா? வந்த மண், அதன் மழை, அங்கு நமக்கு முன்னரே இருந்த மக்கள், அடுத்த வீட்டாரின் மொழி ஆகிய இவை அந்நூல்களில் உண்டா? சென்ற ஓராண்டில் நான் படித்த நூல்களை இந்த ஒரு கேள்வியை உரைகல்லாகக் கொண்டு உரைத்துப் பார்த்தேன். நம் பிள்ளைகளுக்கு வந்த ஊர் என்பதே கிடையாது. இத்தீவுதான் அவர்களுக்குப் பிறந்த ஊர். ஆகவே இக்கேள்வி நமக்கு வெறும் இலக்கியக் கேள்வி அன்று.

முதலில் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. 1935ஆம் ஆண்டு ‘மணிக்கொடி’யில் வெளிவந்த இந்நெடுங்கதை, நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி என்னும் ஏழைப் பெண்ணின் கதை. புலம்பெயர்ந்தோர் கதைகளில் வழக்கமாகக் காணும் ஊர் மயக்கம் இதில் அறவே இல்லை. ஊரிலும் கொடுமை, தோட்டத்திலும் கொடுமை. இடையில் இருப்பது கடல் மட்டுமே. இத்துணிவுக்காகவே இக்கதையைப் போற்றலாம். ஆயினும் வாசவன்பட்டி கண்முன் நிற்கும் அளவுக்குத் தோட்டம் நிற்கவில்லை. ஆசிரியரின் சினம் பெரிது. அச்சினத்தின் புகையில் மலையும் மக்களும் மங்கித் தெரிகின்றனர். தோட்டத்தில் துன்பம் இருக்கிறது; அன்றாடம் இல்லை.

அந்த அன்றாடத்தைத் தந்தவர் தெளிவத்தை ஜோசப். 1934ஆம் ஆண்டு மலையகத்திலேயே பிறந்து, 2022ஆம் ஆண்டு மறைந்த இவ்வெழுத்தாளரின் கதைகளை இவ்வாண்டுதான் ஒருசேரப் படித்தேன். ‘மீன்கள்’ என்னும் கதை ஒன்றே போதும். லயத்தின் ஒற்றை அறையில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் நெருங்கிப் படுக்க நேரும் வாழ்வில், மானம் என்பது எவ்வளவு மெல்லிய சுவரால் காக்கப்படுகிறது என்பதை ஆசிரியர் குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுகிறார். புதுமைப்பித்தன் வெளியிலிருந்து நீட்டிய குற்றப்பத்திரிகையைவிட, உள்ளிருந்து வந்த இச்சிறு சொல் கனமானது என்பது என் துணிபு.

இக்கதைகள் நமக்கு அயலவை அல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகை செய்தது. அவ்வாறு திரும்பியோருள் சில குடும்பங்கள் நிக்கோபார்த் தொகுதியின் கச்சால் தீவிலே ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன. லயத்திலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து, மீண்டும் கடல் கடந்து, மீண்டும் ஒரு தோட்டம்! 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அத்தீவைச் சூறையாடியது. அம்மக்களின் கதையைச் சொல்லும் தமிழ்ப் புதினம் ஒன்றேனும் என் கைக்கு எட்டியதில்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை இரண்டாம் முறையாகப் படித்தேன். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் சுமத்ராவின் மெடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, போர் முடிந்தபின் திரும்பி மதுரையில் நாளிதழ்ப் பணியில் வாழ்நாளைக் கழித்தவர் இவர். எழுதியவை இரண்டே புதினங்கள். 1972ஆம் ஆண்டு அச்சேறிய இந்நூலை என் உரைகல்லில் உரைத்தபோது மாற்றுக் குறையாத பொன்னாகவே மின்னியது. மெடானின் மொஸ்கி ஸ்ட்ராட்டில் நாமும் நடக்கிறோம். வட்டிக்கடைப் பெட்டியடியில் அமர்ந்திருக்கும் தமிழரும், சீன வணிகரும், மலாய் மக்களும், டச்சுத் துரைகளும், பின்னர் வந்த ஜப்பானியப் படையினரும் தத்தம் பேச்சோடு உலவுகின்றனர். கதைத்தலைவன் பாண்டியன் மதுரையை மறந்தவனல்லன். அவன் நினைவில் சின்னமங்கலம் விடாமல் வந்துபோகிறது. ஆனால் அந்நினைவு, கண்முன் உள்ள தெருவை மறைக்கவில்லை. பிறந்த ஊரும் வந்த ஊரும் ஒரே வாக்கியத்தில் வாழ முடியும் என்று காட்டிய நூல் இதுவே. குறை இல்லாமலில்லை. புலவர்களை எள்ளும் பகுதிகள் சில இடங்களில் நீண்டுவிடுகின்றன. பெண்கள் நிழலாகவே நிற்கின்றனர்.

இந்நூலின் போர் நம் போரும் ஆகும். 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை இத்தீவுகள் ஜப்பானியர் பிடியில் இருந்தன. 1943 டிசம்பர் 30இல் நேதாஜி இங்குக் கொடியேற்றினார். அடுத்த மாதமே, 1944 ஜனவரி 30இல், ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். பாண்டியனைப் போன்ற ஒருவன் இங்கும் இருந்திருப்பான். அவனை எழுதச் சிங்காரம்தான் இல்லை.

அடுத்து, 1977ஆம் ஆண்டு வெளிவந்த இரு புதினங்கள். ஆதவனின் ‘காகித மலர்கள்’ தில்லியில் உயர் பதவி வகிக்கும் தமிழ் அதிகாரி ஒருவரின் குடும்பத்தைக் காட்டுகிறது. மைய அரசுக் கோப்புகளோடு வாழும் எவரும் இதை ஒரு தனிக் கூச்சத்தோடுதான் படிக்க முடியும். அலுவலகத்தில் ஒரு முகம், விருந்தில் ஒரு முகம், மனைவி முன் ஒரு முகம் என்று மனிதர் அணியும் வேடங்களை ஆதவன் ஒவ்வொன்றாக உரித்தெடுக்கிறார். ஆயினும் அம்மனிதர்களின் மண்டைக்குள் நிகழும் ஓயாத உரையாடலில் தில்லி மாநகரம் எங்கோ தொலைந்துவிடுகிறது. இதே குடும்பத்தை வேறொரு தலைநகரில் வைத்தாலும் நூல் பெரிதும் மாறாது என்றே எனக்குத் தோன்றியது.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ இதற்கு நேர்மாறு. செகந்திராபாத்தில் வளரும் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன். நிஜாம் ஆட்சியின் இறுதி மாதங்கள், ரசாக்கர்களின் ஆரவாரம், இவற்றுக்கிடையே ஒரு மாணவனின் கிரிக்கெட்டும் கல்லூரியும். அவன் தெலுங்கனும் அல்லன், உருது பேசுபவனும் அல்லன். என்றாலும் அந்நகரம் அவனுடையது. இறுதியில், கலவர வேளையில் அவன் தற்செயலாய் நுழைந்துவிடும் ஒரு வீட்டில், தன் குடும்பத்தைக் காக்க ஓர் இளம்பெண் தன்னையே பலியாக முன்வைக்கிறாள். அவன் வெட்கித் தலைதெறிக்க ஓடுகிறான். வந்த ஊரை நேசிப்பது என்பது அதன் அழகை மட்டும் ஏற்பதன்று, அதன் பழியிலும் பங்கு கொள்வது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்துகிறது. இவ்வாண்டு படித்தவற்றுள் முதலிடம் எதற்கு என்று கேட்பின், தயங்காமல் இதனையே சொல்வேன்.

இனி, திசை மாறிய ஒரு நூல். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) தமிழர் வெளியே சென்ற கதையன்று. தெலுங்கு மக்கள் தமிழ் மண்ணுக்கு வந்த கதை. அஞ்சி ஓடிவந்தோர் கரிசல் பூமியில் தங்கிக் காட்டுக்குத் தீ மூட்டி, அடங்கிய நிலத்தை உழுது ஊராக்குகின்றனர். அவ்வரலாற்றைத் தொண்டு கிழவியான பூட்டி ஒருத்தி சொல்லக் கேட்கிறோம். நம்மைப் பிறர் மண்ணில் காணும் வழக்கத்துக்கு மாறாக, பிறரை நம் மண்ணில் காணச் செய்யும் இந்நூல், விருந்தினன் எவன், வீட்டுக்காரன் எவன் என்ற எண்ணத்தையே தலைகீழாக்கிவிடுகிறது. வந்தவர்களின் வழித்தோன்றலே கரிசல் தமிழுக்குப் பேரெழுத்தாளர் ஆனார் என்பதைவிட வேறு சான்று வேண்டுமா?

எனினும் இந்நூலிடம் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தீ மூட்டப்பட்ட காட்டில் அதற்கு முன் இருந்தது என்ன? எரிந்த காட்டின் உயிர்களை ஆசிரியர் மறக்கவில்லை. ஆனால் கதை விரைவில் ஏர்முனைக்குத் திரும்பிவிடுகிறது. காட்டைத் திருத்திக் குடியேறிய தீவில் இருந்துகொண்டு படிக்கும் நமக்கு அவ்வளவு எளிதில் திரும்ப முடிவதில்லை. இவ்வெண்ணத்தோடு படித்ததால்தான், அன்விதா அப்பி 2021ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட பெரிய அந்தமானியரின் கதை, பாடல் தொகுப்பு என்னை உலுக்கியது. 10 கதைகள், 46 பாடல்கள். ஓர் இனம் தன் நாவில் காத்துவைத்தவற்றுள் இத்தொகுப்பில் ஏறியவை இவ்வளவே. அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் என்னும் மூதாட்டி 2010 ஜனவரி 26இல் மறைந்தார். அம்மொழியும் அவரோடு சென்றது. மொழியறிஞர் ஒருவர் உரிய காலத்தில் வந்து அருகமர்ந்து கேட்டிராவிடில் இவையும் இல்லை. பேசுவோர் கோடிக்கணக்கில் உள்ள தமிழுக்கு அக்கதி நேராது. ஆனால் ஒரு வீட்டின் கதைக்கு அக்கதி நேர ஒரு தலைமுறை போதும்.

கடைசியாக, இத்தீவின் பெயரையே தலைப்பில் தாங்கிய ‘அந்தமான் கைதி’. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் இந்நாடகம் டி. கே. எஸ். சகோதரர்களால் மேடையேறி, 1952இல் எம். ஜி. ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தது. சமூகச் சீர்திருத்த நோக்கில் அது சிறந்த படைப்பே. ஆனால் அதில் அந்தமான் என்பது ஊரின் பெயரன்று, தண்டனையின் பெயர். 1978இல் வந்த ‘அந்தமான் காதலி’ திரைப்படத்தில் அது காட்சியின் பெயராயிற்று. தண்டனையும் காட்சியும் போக, ரேஷன் அட்டையும் பள்ளிக்கூடமும் கப்பல் சீட்டுக்குக் காத்திருத்தலும் கொண்ட ஊராக அது தமிழில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்து இங்கு மிகுதியாகப் பேசப்படும் மொழி தமிழே. எண்ணிக்கையில் குறைவில்லை, எழுத்தில்தான் குறை.

இக்குறையை நீக்கப் பெரும் புலவர் ஒருவர் கப்பலேறி வருவார் எனக் காத்திருத்தல் வீண். மேற்சொன்ன நூல்களுள் நின்று நிலைப்பவை யாவும், அங்கேயே வாழ்ந்தவர்கள் கண்டதை எழுதியவை. நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தார்கள்? முதல் வீட்டுக்குக் கூரை எது? ராஞ்சியிலிருந்து வந்தவரோடும், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவரோடும், மாப்பிள்ளைமாரோடும், கரேன் மக்களோடும் முதன்முதலில் எந்த மொழியில், எதைப் பற்றிப் பேசினார்கள்? நிக்கோபாரியர் வீட்டில் என்ன உண்டார்கள்? விட்டுவந்த ஊரைப் பற்றி அவர்கள் கேளாமலே சொல்வார்கள். வந்த ஊரைப் பற்றி நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

அவ்விடைகளை நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றில் நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தால் போதும். நடை அழகாக வேண்டுமென்பதில்லை. நம் பிள்ளைகளுள் ஒருவர் பின்னாளில் இத்தீவின் புதினத்தை எழுத அமரும்போது அவருக்கு வேண்டியவை இக்குறிப்புகளே. அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய நோட்டுகளிலிருந்து சில பக்கங்களேனும் அச்சேறுமாயின், பெரும் நூல்களைப் பற்றிய இக்கட்டுரையைவிட அவற்றையே நான் முதலில் படிப்பேன்.